ஆக்சிஜன் பர்னர் மாட்டினால் மட்டும் உலை சீராகச் சூடாகிவிடாது

எஃகு பில்லெட்டுகளை, அதாவது நீளமான எஃகுக் கட்டைகளை, உருளைகளுக்கிடையே அழுத்தி உருட்டுவதற்கு முன் 1200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றும் உலை அது. காற்றில் எரியும் பழைய பர்னர்களை எடுத்துவிட்டு, ஆக்சிஜன் பர்னர்களை மாட்டியிருந்தார்கள். எரிவாயுச் செலவு குறைந்திருந்தது. ஆனால் சுடருக்கு நேரே வந்த பில்லெட்டுகளின் மேல்தோல் உருகி வழிந்திருந்தது. கதவோரம் கிடந்தவை வேகாமல் வெளியே வந்தன. வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிளோ நிதானமாக 1220 காட்டிக்கொண்டிருந்தது. அது தான் இருக்கும் இடத்தின் சூட்டைத்தான் சொல்லும். இரும்பின் மேல் படியும் ஸ்கேல் என்ற ஆக்சைடு படலம் 1370 டிகிரி வாக்கில் உருகும். அது வழிந்திருந்தால், அந்த இடம் அவ்வளவு சூடாகியிருக்கிறது என்று பொருள்.

ஏன் இப்படி? ஒரு கனமீட்டர் மீத்தேன் எரிய 2 கனமீட்டர் ஆக்சிஜன் போதும். அதையே காற்றாகக் கொடுத்தால் ஏறக்குறைய 9.5 கனமீட்டர் வேண்டும். கூடவே வரும் நைட்ரஜன் எதிலும் எரியாமல், சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு புகைபோக்கி வழியே போய்விடும். அதை நீக்கினால் எரிபொருள் மிச்சமாகும்; சுடரின் உச்ச வெப்பமும் சுமார் 1950 டிகிரியிலிருந்து 2800 டிகிரியை நெருங்கும். எல்லோரும் சொல்லும் நன்மை இதுதான். பலர் யோசிக்காதது ஒன்று உண்டு: 10.5 கனமீட்டராக இருந்த புகைவாயு 3 கனமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அந்தப் பெரிய வாயுக்கூட்டம்தான் இதுவரை உலைக்குள் சுழன்று மூலை முடுக்கெல்லாம் சூட்டைக் கொண்டுபோனது. இப்போது சுடர் கொதிப்பாக ஒரே இடத்தில் நிற்கிறது.

இதற்குத்தான் சுடரில்லா எரிதல் முறை வந்தது. எரிவாயுவையும் ஆக்சிஜனையும் தனித்தனித் துளைகளில் அதிவேகமாகப் பீய்ச்சினால், அவை உலைக்குள் இருக்கும் புகைவாயுவையே இழுத்துக் கலந்துகொண்டு, பரந்த இடத்தில் மெதுவாக எரியும். கண்ணுக்குச் சுடரே சரியாகத் தெரியாது. உச்ச வெப்பம் தணியும், உலை முழுக்கச் சூடு பரவும், நைட்ரஜன் ஆக்சைடுகளும் குறையும். ஆனால் உலை குறைந்தது 750 டிகிரியைத் தாண்டிய பிறகே இந்த முறைக்கு மாற வேண்டும். அதற்குக் கீழே வாயு தானாகப் பற்றும் என்று நம்ப முடியாது. எரியாமல் சேர்ந்த வாயு வெடிக்கும். அந்த வெப்பம் வரும்வரை மாறவிடாமல் தடுக்கும் இன்டர்லாக்கை அவசரத்துக்குக்கூட யாரும் பைபாஸ் செய்யாதீர்கள். கெஞ்சியே கேட்கிறேன்.

அந்த உலையில் பர்னர் பாதிக் காரணம்தான். மீதி, புகை வெளியேறும் வழியைத் திறந்து மூடும் புகைபோக்கி டேம்பரில் இருந்தது. மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத புகைக்கு, பழைய அளவிலேயே திறந்து வைத்திருந்தார்கள். புகைபோக்கி உறிஞ்ச, கதவிடுக்கு வழியே வெளிக்காற்று உள்ளே வந்து அந்தப் பக்கத்துப் பில்லெட்டுகளைக் குளிரவைத்தது. காசு கொடுத்து நீக்கிய நைட்ரஜனும் அதே வழியில் திரும்பி வந்தது. அழுத்தமானி நேர்மறையாகத்தானே, அதாவது வெளியைவிட உள்ளே அழுத்தம் கூடுதலாகத்தானே காட்டுகிறது என்றார்கள். சரி, எங்கே பொருத்தியிருக்கிறீர்கள் என்று பார்த்தால், கூரைக்குப் பக்கத்தில்! சூடான வாயு மேலே ஏறி நிற்பதால் கூரையில் அழுத்தம் கூடுதலாகவும் தளத்தில் குறைவாகவும் இருக்கும். பில்லெட் கிடக்கும் மட்டத்தில் லேசான நேர்மறை அழுத்தம் வரும்வரை டேம்பரை மூடிய பிறகுதான் கதவோரம் தேறியது. உருகல் நிற்க, பர்னரையே சுடரில்லா வகைக்கு மாற்ற வேண்டியிருந்தது.

அப்புறம், கிளம்பும்போது பார்த்த ஒன்று இன்னும் உறுத்துகிறது. ஆக்சிஜன் வால்வு இறுக்கமாக இருக்கிறது என்று ஒருவர் கிரீஸ் தடவப் போனார். ஓடிப்போய்த் தடுத்தேன். அழுத்தமான ஆக்சிஜனில் எண்ணெயும் கிரீஸும் பொறியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். வால்வைச் சட்டென்று திறந்தாலும் குழாய்க்குள் வாயு அமுங்கிச் சூடேறித் தீப்பிடிக்கலாம். மெதுவாகத்தான் திறக்க வேண்டும். ஆக்சிஜனால் உடைத் தூசியை ஊதித் தட்டும் பழக்கம் அதைவிட மோசம். துணியில் ஆக்சிஜன் தங்கிவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்னப் பொறி பட்டாலே உடை முழுக்கக் குப்பென்று எரியும்.