எட்டு இடங்கள், நான்கு கட்சிகள், ஒரு வகுத்தல் கணக்கு

வாசகி ஒருவர் கதை எழுதிக்கொண்டிருக்கிறார். கற்பனை நாடு. ராஜா இருக்கிறார், ராஜாவையும் கட்டுப்படுத்தும் அரசியல் சட்டம் இருக்கிறது. நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு மாவட்டத்துக்கு 8 இடங்கள், பதிவான வாக்குகள் ஒரு லட்சம். மீன் கட்சிக்கு 47,000, மரத்துக்கு 34,000, தேருக்கு 12,000, படகுக்கு 7,000. விகிதாசார முறைப்படி பங்கிட்டால் மீனுக்கு 3.76 இடம் வருகிறது. “முக்கால் ஆளை எப்படிச் சபைக்கு அனுப்புவது?” என்று கேட்டிருக்கிறார்.

பள்ளியில் படித்தபடி அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றிப் பார்ப்போம். மீன் 3.76, அதாவது 4. மரம் 2.72, அது 3. தேர் 0.96, படகு 0.56, இரண்டுக்கும் ஆளுக்கு 1. கூட்டினால் 9 வருகிறது! இருப்பதோ 8 இடம். யாரோ ஒருவர் எழுந்துகொள்ள வேண்டும். யார்?

பெல்ஜியத்துச் சட்ட அறிஞர் விக்டர் டிஹோண்ட் 1878இல் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு கட்சியின் வாக்கையும் 1, 2, 3, 4 என்று வகுத்துக்கொண்டே போக வேண்டும். மீனுக்கு 47,000, 23,500, 15,667, 11,750, 9,400. மரத்துக்கு 34,000, 17,000, 11,333, 8,500. தேருக்கு 12,000, 6,000. படகுக்கு 7,000. எல்லா ஈவுகளையும் ஒரே வரிசையில் வைத்து, பெரியதிலிருந்து எட்டை எடுத்தால் மீன் 4, மரம் 3, தேர் 1. படகுக்கு இடமில்லை.

ஏன் வகுக்கிறோம்? வென்ற கட்சிக்குத் தண்டனையாக வாக்கைக் குறைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மீனிடம் ஏற்கெனவே மூன்று இடம் இருக்கிறது, நான்காவதைக் கொடுத்தால் அதன் ஒவ்வொரு உறுப்பினருக்குப் பின்னாலும் எத்தனை பேர் நிற்பார்கள்? 47,000ஐ நான்கால் வகுத்தால் 11,750 பேர். படகுக்கு முதல் இடம் கொடுத்தால் அந்த ஒருவருக்குப் பின்னால் 7,000 பேர்தான். இந்தக் கேள்வியை ஒவ்வொரு இடத்துக்கும் திரும்பத் திரும்பக் கேட்பதுதான் டிஹோண்ட் முறை.

இன்னும் அழகான விஷயம் ஒன்று இருக்கிறது. எட்டாவதாக வந்த ஈவைப் பாருங்கள்: 11,333. அதை ஓர் இடத்தின் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மீனிடம் இருக்கும் 47,000க்கு நான்கு வாங்கலாம், கொஞ்சம் மிஞ்சும். மரம் சரியாக மூன்று. தேர் ஒன்று. படகிடம் காசு போதாது. அதே 4, 3, 1, 0! பின்னத்தை விட்டுவிட்டு விலைக்கு வாங்கும் இந்த வழியை அமெரிக்காவில் தாமஸ் ஜெஃபர்சன் முன்வைத்து, 1792இல் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். மாநிலங்களுக்கு இடம் பிரிக்க 33,000 பேருக்கு ஒரு பிரதிநிதி, மொத்தம் 105 பேர். எண்பத்தாறு ஆண்டு இடைவெளியில், வெவ்வேறு தேவைக்காக யோசித்த இருவர் ஒரே விடையில் வந்து நிற்கிறார்கள். எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் எனக்கு இதில் சந்தோஷம் குறைவதில்லை.

பின்னத்தைத் தள்ளும்போது சிறியவர்களுக்குத்தான் அடி பலம். படகுக்கு அதன் பங்கு முழுவதுமே பின்னம். பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஆந்த்ரே சேன்ட்-லாகு 1910இல் சொன்ன முறையில் 1, 3, 5, 7 என்று வகுக்க வேண்டும். அதாவது பின்னம் பாதியைத் தாண்டினால் முழு இடமாகக் கணக்கு; முதல் இடம் பாதி விலைக்குக் கிடைக்கும். நம் மாவட்டத்தில் மொத்தம் 8 வரும்படி விலையை 13,500 என்று வைத்தால், படகின் 7,000 பாதியைத் தாண்டிவிடுகிறது, இடம் உண்டு. மீனுக்கு 3.48தான் வருகிறது, பாதியைத் தொடவில்லை, 3ஓடு சரி. முடிவு 3, 3, 1, 1. வாக்கு ஒன்றுகூட மாறவில்லை, மீனின் நான்காவது இடம் படகுக்குப் போய்விட்டது.

அப்புறம் நார்வே. அங்கே முதல் வகுஎண் 1 இல்லை, 1.4. மற்றவை அதேதான். படகின் 7,000ஐ 1.4ஆல் வகுத்தால் 5,000. மீனின் நான்காவது ஈவு 6,714. படகு மறுபடி வெளியே, மீனுக்கு மறுபடி நான்கு. ஸ்வீடனிலும் 1.4 தான் இருந்தது; 2018 தேர்தலிலிருந்து 1.2 ஆக்கினார்கள். ஒரு தசம எண்ணைத் திருத்தினால் சபையின் கதவு கொஞ்சம் அகலமாகும் என்று தெரிந்தேதான் செய்தார்கள்.

இந்தக் கணிதத்துக்கு ஆய்வகம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். ஆராய்ச்சியாளருக்குச் சம்பளமும் தாளும் இருந்தால் போதும். இருந்தும் நிதி கேட்டால் “இதனால் என்ன பயன்?” என்ற கேள்விதான் முதலில் வருகிறது. ஓர் ஆட்சி யாருடையது என்பதையே மாற்றக்கூடிய வகுத்தலுக்கு இதைவிட என்ன பயன் வேண்டும்? எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

சரி, ராஜா? எண்ணிக்கையில் அவருக்கு வேலை இல்லை. முடிவு வந்தபின் அரசமைக்க ஒருவரை அழைப்பது பல முடியாட்சிகளில் மன்னரின் கடமை. ஸ்வீடனில் அதுவும் சபாநாயகரிடம் போய்விட்டது. ஆகவே வாசகியே, அரண்மனைக் காட்சியை எழுதுவதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டத்தில் முதல் வகுஎண் 1ஆ, 1.4ஆ என்று முடிவு செய்துகொள்ளுங்கள். 1, 3, 5 என்று போனால் படகுக் கட்சியின் அந்த ஒரே உறுப்பினருக்கும் சபையில் ஒரு நாற்காலி போட வேண்டியிருக்கும்.