பொருள்சேர் உற்பத்தி: அச்சே இல்லாத படகுக்கு என்ன பெயர்?

‘அடிட்டிவ் மேனுஃபாக்சரிங்’ என்பதைப் பேச்சில் ‘திரீ-டி பிரிண்டிங்’ என்கிறோம், எழுதும்போது ‘முப்பரிமாண அச்சு’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மற்ற இடங்களில் சரி, படகு கட்டும் இடத்தில் அந்தச் சொல் காலை வாரிவிடும். தமிழில் மோல்டுக்கும் அச்சு என்றுதானே பெயர்? அச்சு வெல்லம் வேறெப்படி வந்தது?

காசிமேட்டு ஃபைபர் படகையே எடுத்துக்கொள்ளுங்கள். படகின் வடிவில் ஒரு மோல்டு இருக்கும். அதன் உள்பக்கம் மெழுகு தேய்த்து, ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சைப் பூசி, அது இறுகியதும் கண்ணாடி இழையாலான ஃபைபர் மேட்டை விரித்து, இறுகவைக்கும் ஹார்டனர் கலந்த ரெசின் பசையை ஏற்றி, காற்றுக் குமிழ் தங்காமல் ரோலரால் உருட்டி, இப்படியே அடுக்கு மேல் அடுக்காகப் போட்டு, கடைசியில் மோல்டிலிருந்து படகைக் கழற்றுவார்கள். இதுவும் அடுக்கடுக்காகத்தானே வளர்கிறது, அப்போ இதுவும் அடிட்டிவ்தானே என்று கேட்டால் கேள்வி நியாயம்தான், ஆனால் இங்கே வடிவத்தைக் கொடுப்பது மோல்டு. அடிட்டிவ் முறையில் கணினியில் வரைந்த வடிவத்தைப் பார்த்து இயந்திரமே பொருளை வரிவரியாக இழுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போகும். மோல்டே வேண்டாம். அதைப் போய் அச்சு என்றால்?

‘அடிட்டிவ்’ லத்தீனில் ‘கொண்டுபோய்ச் சேர்’ என்ற வினையிலிருந்து வந்தது. எதிர்ப்பதம் ‘சப்ட்ராக்டிவ்’, கட்டையைச் செதுக்கிக் கழிப்பது மாதிரி. இந்த முறையின் முன்னோடியான அமெரிக்கர் சக் ஹல் தன் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1986-ல். தர நிர்ணய அமைப்பான ஏ.எஸ்.டி.எம். 2009-ல் இதற்கெனத் தனிக்குழு அமைத்த பிறகுதான் ‘அடிட்டிவ்’ என்ற பெயர் ஊன்றியது.

தமிழில் ‘கூட்டு உற்பத்தி’ என்றால் நாலு பேர் சேர்ந்து தொழில் செய்வதாகப் படும், ‘சேர்க்கை’ என்றால் காலேஜ் அட்மிஷன்தான் ஞாபகம் வரும். ‘பொருள்சேர் உற்பத்தி’ என்று சிலர் எழுதுகிறார்கள், என் ஓட்டு அதற்குத்தான். ‘சேர்’ என்ற வினை அப்படியே நிற்கிறது, ஊறுகாய் போல வினைத்தொகை. காசு சேர்க்கும் தொழிலா என்று யாராவது கிண்டல் பண்ணுவார்கள், பண்ணட்டும். ‘உற்பத்தி’ வடசொல் என்று உறுத்தினால் ‘பொருள்சேர் ஆக்கம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் மெய்ன் பல்கலைக்கழகம் 2019-ல் 25 அடிப் படகு ஒன்றை 72 மணி நேரத்தில் இப்படி எடுத்தது, எடை 2 டன்னுக்கு மேல். நெதர்லாந்தில் 2017-ல் ஓர் இழுவைக் கப்பலுக்கு 1.35 மீட்டர் விட்டத்தில் புரொப்பெல்லர் செய்தார்கள், 298 அடுக்கு, அத்தனையும் வெல்டிங் கம்பியை உருக்கி ஏற்றியது. உலோகத்தை உருக்கினாலும் இது வார்ப்பு இல்லை, ஊற்றுவதற்கு அச்சு கிடையாது.

ஒரே மாதிரி ஐம்பது படகு வேண்டும் என்றால் இன்னமும் மோல்டுதான் மலிவு. அதனால் சில இடங்களில் மோல்டை மட்டும் இந்த முறையில் செய்துகொண்டு, படகை வழக்கம்போல் ஃபைபரில் போடுகிறார்கள். அதைப் பொருள்சேர் முறையில் செய்த அச்சு என்று தாராளமாக எழுதலாம்.