கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் கட்டும் முன்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு அப்பாவும் பையனுமாகக் கடைக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பதும் ரிப்பேர் பார்ப்பதும்தான் என் தொழில். பையனின் மொபைலில் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். யூடியூபில் யாரோ சொன்னது. மொத்தத் தொகையில் பாதியை, திரையில் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டே விழுங்கியிருக்கும்.

"என்ன கேம் விளையாடப் போறீங்க தம்பி?"

"வேலரன்ட், மைன்கிராஃப்ட், ஜி.டி.ஏ. அவ்ளோதாண்ணா."

"அதுக்கு எதுக்குப்பா இவ்ளோ பெரிய கார்டு?"

"கிராபிக்ஸ் செமயா இருக்கணும்லண்ணா."

அப்பா என் முகத்தைப் பார்ப்பார். பெரிய கார்டு போனால் எனக்கு லாபம்தான். ஆனால் மூன்றாம் மாதம் "சார், இதுக்கா இவ்ளோ பணம் கொடுத்தோம்?" என்று அதே அப்பா வந்து நின்றால் பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான். அதனால் கடையில் துண்டு துண்டாகச் சொல்வதை இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கிராபிக்ஸ் பெரிதா, கதை பெரிதா, கேம்பிளே (விளையாடுகிற விதம்) பெரிதா என்று பையன்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். என்னைக் கேட்டால் கேம்பிளேதான் முதலில். கதை, கேமைப் பொறுத்தது. டெட்ரிஸுக்கு என்ன கதை இருக்கிறது? 1984-ல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் அதை எழுதிய எலெக்ட்ரானிகா 60 என்ற கம்ப்யூட்டரில் படம் வரைகிற வசதியே கிடையாது. அடைப்புக்குறிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் கட்டங்களைக் காட்டினார். அந்தக் கட்டங்களை இன்றைக்கும் உலகம் அடுக்கிக்கொண்டிருக்கிறது. பையன் பட்டியலில் இருந்த மைன்கிராஃப்ட்டையே எடுங்கள். எல்லாமே சதுரக் கட்டி, மாடு கூடச் சதுரம்தான். 2023-க்குள் 30 கோடி பிரதிகளைத் தாண்டிவிட்டது. வேலரன்ட்டை ரயட் நிறுவனம், தனி கார்டே இல்லாத பழைய கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டும் என்று திட்டமிட்டே செய்தது. இந்த இரண்டுக்காக முக்கால் லட்சம் ரூபாய்க்குக் கார்டு கேட்டால் நான் என்ன சொல்வது?

மூன்றாவதாக ஜி.டி.ஏ., அதாவது கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறையே அதன் பாகங்களான வைஸ் சிட்டியும் சான் ஆன்ட்ரியாஸும் விளையாடி வளர்ந்தது. 2021 நவம்பரில் ஜி.டி.ஏ. 3, வைஸ் சிட்டி, சான் ஆன்ட்ரியாஸ் மூன்றையும் புது கிராபிக்ஸோடு ஒரே தொகுப்பாக அதன் கம்பெனியான ராக்ஸ்டார் வெளியிட்டது. கதை அதேதான், மிஷனும் அதேதான். படம் மட்டும் புதுசு. நியாயமாகப் பார்த்தால் எல்லோரும் கொண்டாடியிருக்க வேண்டும். ஆனால் வந்த அன்றே ரசிகர்கள் கொந்தளித்தார்கள்.

ஏன் என்று பார்த்தால் எங்கள் தொழிலுக்கே ஒரு பாடம் இருக்கிறது. சான் ஆன்ட்ரியாஸ் 2004-ல் முதலில் வந்தது, டி.வி.யில் மாட்டி விளையாடுகிற பிளேஸ்டேஷன் 2-ல். அந்தக் கன்சோலின் மெமரி 32 எம்.பி.தான். தூரத்தில் இருப்பதையெல்லாம் வரைய அதனால் முடியாது. அதனால் தொலைவை ஒரு மங்கலான புகைமூட்டத்தால் மூடினார்கள். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு வண்டி ஓட்டினால் ஏதோ மாநிலம் விட்டு மாநிலம் போகிற மாதிரி இருந்ததற்கு அந்த மூட்டமும் ஒரு காரணம். புது பதிப்பில் கம்ப்யூட்டருக்குத்தான் சக்தி இருக்கிறதே என்று மூட்டத்தை எடுத்துவிட்டார்கள். விமானத்தில் ஏறிப் பார்த்தால் மொத்த வரைபடமும் கண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. மூன்று பெரிய நகரங்களும் அடுத்தடுத்த தெரு மாதிரி கிடக்கின்றன. படம் துல்லியமானது, உலகம் சுருங்கிவிட்டது.

இன்னொன்று சொல்கிறேன், சின்ன விஷயம்தான். அந்த கேமில் டஃப் நட் என்று ஒரு டோனட் கடை வரும். கூரை மேல் பெரிய போல்ட் நட்டு ஒன்று, ஆறு முனையோடு நிற்கும். நட்டையும் டோனட்டையும் வைத்து அடித்த கிண்டல் அது. புது பதிப்பில் உருவங்களின் முனைகளை மழுக்கி அழகாக்கியபோது அந்த நட்டின் ஆறு முனையும் மழுங்கி உருண்டையாகிவிட்டது. கிண்டல் போயே போச்சு. மழை பெய்தால் திரை முழுக்க வெள்ளைக் கோடு விழுந்து ரோடே தெரியவில்லை என்ற புகார் தனி. அதே மாதம் ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டது, கம்ப்யூட்டருக்கான பழைய பதிப்புகளையும் மறுபடி தன் ஸ்டோருக்குக் கொண்டுவருவதாகச் சொன்னது. 2024 நவம்பர் அப்டேட்டில் பழைய மாதிரியான வெளிச்சத்தை ஒரு வசதியாகவே கொடுத்தார்கள்.

இதனால் கிராபிக்ஸே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் மேகமும் ஓடுபாதையும் உண்மை மாதிரி இல்லாவிட்டால் அப்புறம் விளையாட என்ன இருக்கிறது? கார் ரேஸ், பேய் கேம் இவற்றுக்கும் படம் பாதி உயிர். ஆனால் நல்ல படம் என்றால் நிஜம் மாதிரி இருக்கிற படம் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறோமே, அதுதான் சிக்கல். வெண்பா என்று 2023-ல் ஒரு கேம் வந்தது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்பேடு கிழிந்து கிடக்கிறது, எழுத்து அழிந்திருக்கிறது. இட்லிப் பானையில் எதை முதலில் வைப்பது, எதற்கு மேல் எதை அடுக்குவது என்று நாம் யோசித்துத்தான் சமைக்க வேண்டும். தட்டையான ஓவியம்தான், வெளிச்சத்தை நிஜம் மாதிரி காட்டுகிற ரே டிரேசிங் ஒன்றும் கிடையாது. 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதில் சிறந்த அறிமுக கேம் அதுதான். இட்லி வேகும் சத்தத்துக்காகவே ஒரு தரம் விளையாடலாம் என்பேன், ஆனால் அது என் சொந்த ருசி.

அடுத்து, கணக்கு. இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ஃபுல் எச்.டி. திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 4கே-வில் 82.9 லட்சம். அதாவது நாலு மடங்கு வேலை. ஒரு நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம், வர வேண்டுமென்றால் ஒவ்வொரு படத்தையும் வரைய கார்டுக்குக் கிடைப்பது 16.7 மில்லி செகண்ட். 30 ஃப்ரேம் போதும் என்றால் 33.3. செட்டிங்கை எல்லாம் அல்ட்ராவில், அதாவது உச்சத்தில், வைத்து 4கே கேட்டால் ஃப்ரேம் விழும். ஃப்ரேம் விழுந்தால் மவுஸை நகர்த்தி ஒரு கணம் கழித்துத்தான் திரை திரும்பும். சுடப்பட்டுச் செத்த பிறகுதான் எதிரியையே பார்ப்பீர்கள். பி.ஜி.எம்.ஐ. என்ற மொபைல் கேமில் கெட்டிக்காரப் பையன்கள் கிராபிக்ஸை ஸ்மூத் என்ற குறைந்த தரத்தில் வைத்துவிட்டு ஃப்ரேம் ரேட்டை மட்டும் மேலே ஏற்றுவது இதனால்தான். போன் சூடாவதும் குறையும். சித்திரை வெயிலில் ஃபேன் காற்றுக்குக் கீழே எச்.டி.ஆர். என்ற உயர்ந்த தரத்தில் வைத்து விளையாடினால் பத்து நிமிஷத்தில் போன் கொதித்து, தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லேப்டாப்பும் அப்படித்தான்.

பெரிய கார்டு வாங்கியும் அதன் பலனைப் பார்க்காதவர்கள் என் பெஞ்சுக்கு வருகிறார்கள். "புது கார்டு போட்டும் ஒரு வித்தியாசமும் இல்லண்ணே" என்று ஒருவர் சி.பி.யு.வைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் கிளம்பும் முன்பே, வீட்டில் மாட்டியிருந்தபடியே அதன் பின்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் சொருகியிருந்தது. கார்டில் இருக்கிற போர்ட் அதற்குக் கீழே படுக்கைவாட்டில் இருக்கும், அதில் சொருக வேண்டும். இதைவிடச் சகஜமானது, நொடிக்கு 144 தடவை படம் மாற்றக்கூடிய 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு விண்டோஸில் 60-லேயே விட்டுவைப்பது. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் மாற்றினால் போதும், காசு செலவில்லை. மாற்றிக் காட்டினால் "என்னண்ணே பண்ணீங்க, வெண்ணெய் மாதிரி போகுது!" என்பார்கள்.

லேப்டாப் வாங்குகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். பெட்டியில் ஆர்.டி.எக்ஸ். 4060 என்று கிராபிக்ஸ் சிப்பின் பெயர் போட்டிருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைக்காதீர்கள். அதே பெயரில் 35 வாட் முதல் 115 வாட் வரை கம்பெனிகள் போடலாம். குறைந்த வாட்டில் இருப்பது நிச்சயம் மெதுவாகத்தான் ஓடும். விலைப்பட்டியலில் வாட் இல்லையென்றால் கடைக்காரரைக் கேளுங்கள். அவருக்கும் தெரியவில்லையென்றால் கம்பெனியின் வெப்சைட்டில் அந்த மாடல் நம்பரைப் போட்டுப் பாருங்கள்.

டெஸ்க்டாப்புக்கு என் வரிசை இது: முதலில் கரன்ட் சப்ளை கொடுக்கிற நல்ல எஸ்.எம்.பி.எஸ்., பிறகு ஃபைல்களைச் சேமிக்கிற எஸ்.எஸ்.டி., 16 ஜி.பி. ரேம், மானிட்டர். மிச்சமிருக்கிற பணத்துக்குக் கார்டு. மட்டமான எஸ்.எம்.பி.எஸ். போட்டு, அது போகும்போது கார்டையும் கூட்டிக்கொண்டு போனதை நிறையப் பார்த்தாயிற்று. கார்டை இரண்டு வருஷம் கழித்தும் மாற்றிக்கொள்ளலாம், ஸ்லாட் அப்படியேதான் இருக்கும்.

கேம் வாங்கும்போதும் டிரெய்லரை நம்பிக் காசு கட்டாதீர்கள். வாட்ச் டாக்ஸ் என்ற கேமை 2012-ல் மேடையில் காட்டியபோது இருந்த பளபளப்பு 2014-ல் கைக்கு வந்த கேமில் இல்லை. சைபர்பங்க் 2077 வந்த 2020 டிசம்பரிலேயே, சோனி அதைத் தன் ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டது. பிளேஸ்டேஷன் 4-ல் அவ்வளவு திணறியது. மறுபடி ஸ்டோருக்கு வந்தது 2021 ஜூனில். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். முதல் ஒன்றரை மணி நேரத்தைச் செட்டிங்ஸ் மெனுவிலேயே செலவழித்துவிடாதீர்கள், அந்த நேரமும் கணக்கில்தான் சேரும்.