நார்சிசிசம்: தற்காதலா, தன்வியப்பா?

ஓயாமல் செல்ஃபி எடுக்கும் கல்லூரி மாணவியும் நார்சிசிஸ்ட். மனைவியின் சொல்லைக் காதில் வாங்காத கணவரும் நார்சிசிஸ்ட். இப்படிக் கண்டபடி வீசப்படும் இந்தச் சொல், உண்மையில் ஒரு பூவுக்கும் ஒரு புராண இளைஞனுக்கும் பொதுவான பெயரிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் நார்கிசோஸ். பாரசீகத்திலும் உருதுவிலும் நர்கிஸ். நம் ஊர்ப் பெண்கள் சிலர் சூடியிருக்கும் அழகான பெயர்.

அந்தப் பூவாக மாறிய இளைஞனின் கதையை ரோமானியக் கவிஞர் ஓவிட் கி.பி. 8 வாக்கில் விரித்துப் பாடினார். தன்னை விரும்பிய எவரையும் ஏறெடுத்துப் பாராதவன், சுனைநீரில் கண்ட உருவத்தின் மேல் மையல் கொண்டு அங்கேயே உருகி மாய்கிறான். இதில் பலரும் கவனிக்காத ஓர் இடம் உண்டு. அது தன் நிழல் என்பது முதலில் அவனுக்குத் தெரியாது. வேறு யாரோ என்று எண்ணித்தான் நீருக்குள் கை நீட்டுகிறான்.

1898இல் ஆங்கிலேய மருத்துவர் ஹேவ்லாக் எல்லிஸ் இந்தக் கதையைத் தன்னிடமே மயங்கும் மனநிலைக்கு உவமையாக்கினார். அடுத்த ஆண்டே ஜெர்மானியரான பால் நேக்கே அதைக் கலைச்சொல்லாக்கினார். 1914இல் ஃபிராய்டு எழுதிய கட்டுரை அதை நிலைநிறுத்தியது. 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு அதை ஓர் ஆளுமைக் கோளாறாகச் சேர்த்தது. இன்றைய கையேட்டில் உள்ள ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருந்தால்தான் அதை அந்தக் கோளாறு என்பார்கள்.

அவற்றுள் ஒன்று என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது: பிறர் மேல் பொறாமை, அல்லது பிறர் தன் மேல் பொறாமைப்படுகிறார்கள் என்ற நம்பிக்கை. சுனைக்கரையில் தனியே கிடந்தவனுக்குப் பொறாமைப்பட ஆளே இல்லை. ஆனால் இந்தக் கோளாறு உள்ளவருக்கோ பக்கத்தில் எப்போதும் ஆள் வேண்டும்; அளந்து பார்க்க, அண்ணாந்து பார்க்கச் செய்ய. ஒப்பிடுவது மட்டும் நோயன்று. அளவுகோல் இல்லாதபோது மனிதர் பிறரை வைத்தே தம்மை எடைபோடுகிறார்கள் என்று 1954இலேயே அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் விளக்கிவிட்டார்.

ஆகவேதான் தற்காதல், சுயமோகம் போன்ற பெயர்ப்புகள் எனக்கு நிறைவளிக்கவில்லை. அவை கதையைப் பெயர்க்கின்றன, குணத்தைப் பெயர்க்கவில்லை. குறளில் இதற்குத் தேர்ந்த சொல் மூன்று இடங்களில் இருக்கிறது. ‘வியவற்க எஞ்ஞான்றும் தன்னை’ (439). ‘தன்னை வியந்தான் விரைந்து கெடும்’ (474). மூன்றாவதுதான் மிகக் கூர்மையானது: ‘சிறுமை அணியுமாம் தன்னை வியந்து’ (978). உள்ளே இருப்பது சிறுமை. வியப்பு அதன் மேல் பூட்டிய நகை. தன்வியப்பு என்று சொன்னால் அந்த உட்குறையும் சேர்ந்தே வருகிறது.

ஒப்பீட்டின் இரு திசைகளையும் கணியன் பூங்குன்றனார் புறநானூற்றில் காட்டியிருக்கிறார்: ‘பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’. அதே ‘வியத்தல்’ இங்கே பிறரை நோக்கி நிற்கிறது. குறளில் தன்னை நோக்கித் திரும்புகிறது.

மருத்துவர் கண்டறிந்த நிலைக்குத் தன்வியப்பு ஆளுமைக் கோளாறு என்று எழுதலாம். செல்ஃபி எடுக்கும் பெண்ணுக்கு அந்தப் பெயர் தேவையே இல்லை. மனைவியின் பேச்சைக் கேட்காதவருக்குச் செருக்கு என்ற பழைய சொல்லே போதும்.