ஃபில்டர்: வடிகட்டியா, சல்லடையா?

பணிகளைக் குறித்துவைக்கும் செயலிகள் பலவற்றில் புனல் படம் போட்ட பொத்தான் ஒன்று இருக்கும். அதுதான் ஃபில்டர். இருநூறு வேலைகள் குவிந்து கிடந்தாலும், நாம் கேட்டதை மட்டும் காட்டி மற்றதை மறைத்துவிடும்.

சொல்லின் வேர் கம்பளியில் இருக்கிறது. இடைக்கால லத்தீனில் ஃபில்ட்ரம் என்றால் அடித்து இறுக்கிய கம்பளித் துணி. அதில் ஊற்றித்தான் நீர்மங்களை வடித்தார்கள். துணியின் பெயரே கருவிக்கும் ஆகிவிட்டது.

நம்மிடமும் பழைய பெயர் உண்டு: நெய்யரி. நன்னூல் கடை மாணாக்கருக்கு அதை உவமை சொல்கிறது. நல்ல நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துவைத்துக்கொள்ளுமே, அதனால். (தென்னையில் வலைபோல இருக்கும் வடிகட்டி நார்தான் பன்னாடை. ‘பன்னாடை’ என்று திட்டுவதற்கும் இதே கணக்குதான்.)

இன்றைய வழக்கு வடிகட்டி, வடிப்பான். பெயராக இருக்கட்டும், சரி. ‘வடிகட்டு’ என்று வினையாகும்போதுதான் எனக்கு இடறுகிறது. வடிகட்டினால் மிஞ்சுவது சக்கை. காபி வடிந்ததும் அதைச் செடிக்குக் கொட்டிவிடுவோம். செயலியில் மறைந்த பணி சக்கை அல்லவே!

ஆம்னிஃபோகஸ் செயலியில் வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பதை ஒரு திட்டமாகப் போடுவோம்: சுவரைச் சுரண்டு, பட்டி பார், பிரைமர் அடி, பெயிண்ட் அடி. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டியவை என்றும் குறித்துவிடுவோம். ‘அவைலபிள்’ என்று ஃபில்டர் போட்டால் சுரண்டும் வேலை மட்டும் தெரியும். அதை முடித்து டிக் அடித்தால்தான் பட்டி எட்டிப் பார்க்கும். ‘ரிமெய்னிங்’ என்று மாற்றினால், முடியாதவை எல்லாம் வந்து நிற்கும். இந்த ‘அவைலபிள்’ஐக் ‘கிடைக்கும் பணிகள்’ என்று பெயர்த்தால் வேலைவாய்ப்பு விளம்பரம் போல ஆகிவிடும். ‘இப்போது செய்யக்கூடியவை’ போதும்.

இந்த வேலைக்குச் சரியான வினை சலித்தல். மாவு சலிக்கும்போது சல்லடையில் தங்கும் கப்பியை யாரும் எறிவதில்லை. மறுபடி இடித்து, மறுபடி சலிப்பார்கள். பட்டியும் பிரைமரும் அப்படிக் காத்திருக்கும் கப்பிதான்.

ஒரே சங்கடம், பொத்தானில் வெறுமனே ‘சலி’ என்று எழுத முடியாது. இருநூறு வேலைகளைப் பார்த்து ஏற்கெனவே சலித்துப்போனவர் அதைக் கிண்டல் என்று நினைத்துக்கொள்வார். ‘சலித்தெடு’ என்று போடலாம்.