பத்தாயிரம் நம்பர் வாங்கினால் ஆர்டர் வந்துவிடுமா?

போன வாரமும் ஒருவர் அதே கேள்வியோடு வந்தார். கேட்டரிங் தொழில், சாப்பாடு உண்மையிலேயே நன்றாக இருக்கும். "யாரோ பத்தாயிரம் போன் நம்பர் விற்கிறார்கள், வாட்ஸ்அப்பில் தட்டிவிடலாமா?" என்றார். தட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. ஓர் ஆர்டர்கூட வரவில்லை, திட்டுதான் வந்ததாம்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் எண்களுக்கு விளம்பரச் செய்தி அனுப்பும் முன் விளம்பரம் வேண்டாம் என்று பதிந்த எண்கள் இருக்கும் 'டு நாட் கால்' பதிவேட்டைச் சரிபார்க்க வேண்டும், அல்லது அவரவர் தெளிவாகச் சம்மதித்திருக்க வேண்டும். 2014 ஜனவரி 2 முதல் இதுதான் விதி. வாட்ஸ்அப்பும் இதில் அடக்கம். "லிஸ்ட் விற்றவர் பார்த்துவிட்டதாகச் சொன்னார்" என்ற வாய்வார்த்தையை நம்பி இருந்துவிடாதீர்கள். அனுப்பியது நீங்கள்.

அபராதத்தை விடுங்கள். எனக்கு எரிச்சல் மூட்டுவது "எல்லாரும் சாப்பிடுகிறவர்கள்தானே, எல்லாரும் நம் கஸ்டமர்தானே" என்ற பேச்சு. இல்லை ஐயா! அவர் அனுப்பியது தமிழ்ச் செய்தி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்குள்ள ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. எந்த வடிகட்டலும் இல்லாத பத்தாயிரம் பேரில் சுமார் 250 பேர். அந்த 250 பேரில் இந்த மாதம் வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர் எத்தனை பேர்? அவர்களில் முன்பின் தெரியாத எண்ணை நம்பி ஐம்பது பேருக்குச் சாப்பாடு சொல்கிறவர் எத்தனை பேர்? மோசடிச் செய்திகளைப் பார்த்துப் பார்த்து ஊரே மிரண்டு கிடக்கிறது.

அவர் அனுப்பிய செய்தியையும் பார்த்தேன். ரோஜாப்பூ படம், "மாபெரும் சலுகை 50%", ஏழு ஆச்சரியக்குறி. தலைக்கு எத்தனை வெள்ளி, குறைந்தது எத்தனை பேருக்குச் சமைப்பார், பொங்கோல் வட்டாரத்துக்கு டெலிவரி உண்டா, சைவமா அசைவமா, ஒன்றும் இல்லை. (என்றுமே வாங்காத விலையைப் போட்டு அதில் பாதி தள்ளுபடி என்பது நியாய வர்த்தகச் சட்டப்படி தவறு. தீபாவளி நெருங்கினால் தேக்கா கடைத்தெருப் பக்கம் பலருக்கு இது மறந்துவிடும்.)

பொருள், விலை, இடம், விளம்பரம் என்று 1960-இல் சந்தைப்படுத்தல் பேராசிரியர் மெக்கார்த்தி வகுத்த நான்கில் விளம்பரம் ஒன்றுதான். நம்மவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

கேட்டரிங்காரருடைய ஆர்டர் நோட்டைப் புரட்டினோம். வளைகாப்பு, பிறந்தநாள், புதுமனை புகுவிழா. பெரும்பாலும் முப்பது நாற்பது பேர், பெரும்பாலும் செங்காங், பொங்கோல். வேறொரு வீட்டு விசேஷத்தில் சாப்பிட்டுவிட்டு "யார் சமையல்?" என்று கேட்டு வந்தவர்கள்தான் அதிகம். ஆனால் பஃபே மேசையில் அவர் கடையின் பெயர் எங்கும் இல்லை! ஒரு சின்ன அட்டை, அதில் பெயர், எண், ஒரு கியூஆர் கோடு. லிஸ்ட்டுக்குக் கொடுத்த பணத்தில் நூற்றுக்கணக்கில் அச்சடித்திருக்கலாம்.

புதிதாக யார் அழைத்தாலும் "எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்டு அதே நோட்டில் எழுதுங்கள். விளம்பரப் பணத்தை எங்கே போடுவது என்பது அதில் தெரிந்துவிடும். பழைய வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்புங்கள், 'வேண்டாம்' என்று சொல்ல வழி வைத்து, சொன்னவரை அன்றே நீக்கிவிடுங்கள். விலையை மறைக்காதீர்கள். "விலைக்கு பிஎம் பண்ணுங்க", அதாவது தனியாகச் செய்தி அனுப்பிக் கேளுங்கள் என்றால் பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

இப்போதும் யாராவது லிஸ்ட் விற்க வந்தால், தயவுசெய்து வாங்கும் முன் என்னைக் கூப்பிடுங்கள். வாங்கிய பிறகு வேண்டாம்.