ஜீ.எஸ்.பி. பிளஸும் தோட்டத்து ஓடையும்: வரிச்சலுகைக்குப் பின்னால் உள்ள சுற்றாடல் வாக்குறுதி

ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்குத் தரும் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை என்றால் ஆடைத் தொழிற்சாலைகளுக்கான விஷயம் என்றே பலரும் நினைக்கிறோம். அது பெரும்பாலும் உண்மைதான். கறுப்புத் தேயிலை எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு இறக்குமதித் தீர்வை கிடையாது. அதனால் கொழுந்துக்கு இந்தச் சலுகையால் நேரடி லாபம் இல்லை. ஹட்டனிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் கட்டுநாயக்க பக்கம் வேலைக்குப் போன பிள்ளைகள் அனுப்பும் காசாகத்தான் அது மலைக்கு வந்து சேருகிறது. ஆனால் சலுகைக்கு ஈடாக அரசாங்கம் கொடுத்த வாக்குறுதி தொழிற்சாலை வாசலோடு நின்றுவிடுவதில்லை. தோட்டத்துப் பீலித் தண்ணீருக்கும் மேலே இருக்கும் காட்டுக்கும் அது பொருந்தும்.

வர்த்தகத்தையும் சுற்றாடலையும் ஒன்றாகக் கட்டும் வழக்கம் புதிதல்ல. அமெரிக்காவும் கனடாவும் மெக்சிகோவும் 1994-ல் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையைத் தொடங்கியபோது, பக்கத்திலேயே ஒரு சுற்றாடல் ஒத்துழைப்பு உடன்படிக்கையையும் வைத்தன. ஒரு நாட்டு அரசாங்கம் தன் சுற்றாடல் சட்டத்தைத் தானே அமல்படுத்தவில்லை என்றால், சாதாரணக் குடிமகனும் கனடாவின் மொன்றியல் நகரில் உள்ள சுற்றாடல் ஒத்துழைப்பு ஆணைக்குழுவுக்கு எழுதலாம். தண்டனை ஒன்றும் இல்லை. உண்மைகளை விசாரித்து அறிக்கை வெளியிடுவார்கள், அவ்வளவுதான். நமக்கு அப்படி எழுத ஓர் இடம் இல்லை. 2000-ல் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை பெரும்பாலும் பொருட்களின் தீர்வை பற்றியதுதான்.

ஜீ.எஸ்.பி. பிளஸ் உடன்படிக்கை அல்ல. ஐரோப்பா ஒருபக்கமாகத் தரும் சலுகை. தந்தவர்களே திருப்பி எடுக்கவும் முடியும். ஐரோப்பியத் தீர்வைப் பட்டியலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பொருட்களுக்குத் தீர்வை நீங்கும். பதிலுக்கு 27 சர்வதேச சமவாயங்களை ஏற்று, நடைமுறையிலும் காட்ட வேண்டும். மனித உரிமை, தொழிலாளர் உரிமை, நல்லாட்சி ஆகியவற்றோடு, சுற்றாடலுக்கென்று 8 சமவாயங்கள் அதில் உள்ளன. உயிர்ப் பல்வகைமை, காலநிலை, ஓசோன் படலம், அபாயக் கழிவு, நீண்ட காலம் அழியாத நச்சு இரசாயனங்கள் எல்லாம் அவற்றுக்குள் வரும்.

இவை வெறும் காகிதம் என்று தள்ளிவிட முடியாது. தேயிலை மண்ணில் நூற்புழுவைக் கொல்லப் பயன்படுத்திய மெதில் புரோமைட் ஓசோன் படலத்தைக் கெடுக்கும் வாயு. மொன்றியல் நெறிமுறையின் கீழ் அது படிப்படியாகக் கைவிடப்பட்டது. மாற்று வழிகளுக்கு வெளிநாட்டு நிதியும் வந்தது. இன்னொன்று, பிரித்தானியாவிலிருந்து கழிவை ஏற்றிவந்து 2019-ல் அம்பலமான 263 கொள்கலன்கள். அபாயக் கழிவு பற்றிய பாசல் சமவாயமும் மேன்முறையீட்டு நீதிமன்ற வழக்கும் கைகொடுக்க, கடைசித் தொகுதி 2022 பெப்ரவரியில் திரும்பிப் போனது. அந்த வழக்கைப் போட்டது அரசாங்கம் அல்ல, ஒரு சுற்றாடல் அமைப்பு. இதை நாம் மறக்கவே கூடாது.

2010-ல் இந்தச் சலுகை பறிபோய் 2017 மே மாதம்தான் திரும்பக் கிடைத்தது. அப்போது காரணம் மனித உரிமைச் சமவாயங்கள். சுற்றாடலுக்காக இலங்கை இதுவரை சலுகையை இழக்கவில்லை. அப்படி இழக்க வேண்டும் என்று யாரும் விரும்பவும் கூடாது, அடிபடுவது தையல் மெஷினில் இருக்கும் நம் பிள்ளைகள்தான். ஐரோப்பியக் கண்காணிப்புக் குழு வரும்போது தொழிற்சங்கங்களையும் சிவில் அமைப்புகளையும் சந்திக்கிறது. சங்கத் தலைவர்கள் அங்கே சம்பளத்தைப் பேசுகிறார்கள், பேசத்தான் வேண்டும். ஓடையையும் மண்சரிவையும் மருந்தடிப்பையும் அதே மேசையில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் வெறுங்கையோடு போய்ப் பேசினால் எடுபடாது. ஆவணம் வேண்டும். அதற்கு நம்மிடம் இரண்டு சட்டங்கள் உள்ளன.

முதலாவது தேசிய சுற்றாடல் சட்டம். பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் பாதிப்பு மதிப்பீடு செய்து, வர்த்தமானியிலும் தமிழ், சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்து, பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் தர வேண்டும். நீர்மின் திட்டமென்றால் 50 மெகாவாட்டுக்கு மேற்பட்டவை இதில் வரும். காட்டு ஒதுக்குப் பகுதி போன்ற இடமானால் சிறிய திட்டமும் சிக்கும். சிறியவற்றுக்குப் பெரும்பாலும் ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை அறிக்கை மட்டுமே போதும் என்று விட்டுவிடுவார்கள். அதற்கு 30 நாள் கருத்துக் கேட்பு கட்டாயமில்லை, ஆனாலும் அது பொது ஆவணம், நீங்கள் பார்க்கலாம். லயத்துக்குப் பத்திரிகை வராது, வர்த்தமானி வரவே வராது. ஆகவே இளைஞர் மன்றமோ கோயில் கமிட்டியோ யாராவது ஒருவரை இதற்கென்றே பொறுப்பாக வைப்பது நல்லது.

இரண்டாவது, 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். நம் ஆட்களுக்கு இதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. காணி உறுதி கேட்க மாட்டார்கள். லயன் அறை யார் பெயரில் இருக்கிறது என்பதும் தேவையில்லை. இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும், ஏன் கேட்கிறீர்கள் என்ற காரணமும் சொல்ல வேண்டாம். பிரதேச செயலகத்துக்கோ மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கோ, அங்குள்ள தகவல் அலுவலர் பெயருக்குத் தமிழிலேயே எழுதலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள். “எங்கள் ஆறு ஏன் வற்றுகிறது” என்று கேட்டால் பதில் வராது. “இந்த ஓடையில் கட்டப்படும் நீர்மின் திட்டத்துக்குக் கொடுத்த அனுமதியின் பிரதியும், அதன் நிபந்தனைகளும், மதிப்பீட்டு அறிக்கையும் தேவை” என்று எழுதினால், கொடுக்க வேண்டும், அல்லது மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும்.

ஐரோப்பிய ஆணையத்துக்கு முறையிடவும் 2020-லிருந்து ஒரு வழி இருக்கிறது. நாம் நேராகப் போக முடியாது, ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவான ஓர் அமைப்பின் வழியாகப் போகலாம். அந்த அமைப்பும் முதலில் கேட்பது, உள்ளூரில் நீங்கள் எழுதிய கடிதங்களையும் கிடைத்த பதில்களையும்தான். அதனால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் கடிதப் பிரதியையும் ஒரே கோப்பில் வையுங்கள்.